கடைசிப் படத்தில் இல்லாத கோடு

மாரிக்குப்பத்தில் புறப்படும் காலை வண்டியில் உட்கார்ந்துகொண்டே பெங்களூர் போய்ச் சேர வேண்டுமென்றால், ஒன்று வீடு மாரிக்குப்பத்திலேயே இருக்க வேண்டும். இல்லையா, இன்பராஜின் தயவு வேண்டும். நிக்கோலின் வீடு நந்திதுர்க் பக்கம். அவள் ஏறுவது உரிகத்தில். அதற்குள் பெட்டியில் எள் போட்டால் எள் விழாது. ஆனாலும் பி.எச்டி. சேர்ந்த நாளிலிருந்து அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் போகிறாள் என்றால், அந்தப் புண்ணியம் இன்பராஜைச் சேரும்.

இன்பராஜ் ஆண்டர்சன்பேட்டைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மாரிக்குப்பம் பிளாட்பாரத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே தொற்றி ஏறிவிடுவார். ஒரு சீட்டில் டிபன் பை, ஒன்றில் குடை, ஒன்றில் கர்ச்சீப், ஒன்றில் பேப்பர். சாமான் தீர்ந்துபோனால் செருப்பைக்கூடக் கழற்றி வைப்பார், வெட்கம் மானம் பார்க்கிற ஆள் இல்லை.

"யாருங்க இங்க?" என்று யாராவது கேட்டால், "ஆள் வருது" என்பார்.

"எங்க வருது?"

"உரிகத்துல வருது."

"அதுவரைக்கும் குந்திக்கிறேனே."

"குந்தினா நீ எழுந்திருக்க மாட்டே. எனக்குத் தெரியாதா? போய்கினே இரு."

தினமும் இதே சண்டை. அவரைப் பெரிய தர்மப்பிரபு என்று நினைத்துவிட வேண்டாம். சண்டை போட ஒரு சாக்கு கிடைக்கிறதே என்றுதான் அவர் இடம் பிடிக்கிறார் என்று கிளமெண்ட் சொல்வான். அதில் பாதி உண்மை.

இந்தக் கிளமெண்ட்தான் அந்தக் கூட்டத்தின் உயிர். ஏழெட்டுப் பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்ததும் மடியில் துண்டை விரித்துச் சீட்டுக் கட்டைக் கலைப்பான், பாடுவான், போகிற வருகிறவர்களை எல்லாம் கிண்டல் செய்வான். எல்லோரும் அவனைச் சுற்றித்தான். இன்பராஜோ, கடைசி ஆளும் வந்து உட்கார்ந்ததும், தன் சீட்டையும் யாராவது வயசானவருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். "உள்ள இருந்தா மூச்சு முட்டுது. இவன் பாட்டு வேற" என்பார். அதன்பின் ஒயிட்ஃபீல்டு வரைக்கும் வாசலில் நின்று காற்று வாங்குவதுதான் வேலை. அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிக்கோலும் பார்த்ததில்லை.

நிக்கோல் என்ன படிக்கிறாள் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் விளங்கியதில்லை. ஒருநாள் அவள் லேப்டாப்பைக் கிளமெண்ட் எட்டிப் பார்த்தான்.

"இன்னாமா இது, கொசுவலையா?"

"புரோட்டீன்ணா."

"முட்டையில கீதே, அதுவா?"

"அதேதான். ஒவ்வொரு புரோட்டீனும் ஒரு நீட்டு மணிமாலை மாதிரிண்ணா. உடம்புக்குள்ள அது தானா சுருண்டு மடங்கி ஒரு வடிவத்துக்கு வந்தாதான் வேலை செய்யும். தப்பா மடங்கினா வியாதி. அது எப்படி மடங்குதுன்னு நான் பாக்குறேன்."

"அதைப் பாத்துனு இருக்கவா இத்தினி வருஷம்? என் பொண்டாட்டி ஒரு மணி நேரத்துல ஒரு மூட்டைத் துணி மடிக்கிறா!"

பெட்டியே சிரித்தது. நிக்கோலும் சிரித்தாள். ஆனால் உள்ளே சுருக்கென்றது. காரணம் இருந்தது.

அவள் வேலை இதுதான். புரதம் மடங்குவதைக் கண்ணால் பார்க்க முடியாது, கணினியில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். நொடியைக் கோடிக்கணக்காக நறுக்கி, ஒவ்வொரு துணுக்கிலும் எந்த மணி எங்கே இருக்கிறது என்று கணினி சொல்லும். நிக்கோல் ஒவ்வொரு மணிக்கும் ஒரு புள்ளி வைப்பாள். இரண்டு புள்ளிகள் ஒரு அளவுக்குமேல் நெருங்கினால் நடுவில் ஒரு கோடு; விலகினால் கோடு அழிந்துவிடும். படத்தை ஓடவிட்டால், கோடுகள் தோன்றுவதும் மறைவதுமாக, மாலை மடங்குகிற கதை கண்ணுக்குத் தெரியும். பார்க்க அத்தனை அழகு. அந்த அழகுதான் வினையாகப் போனது. அவள் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்தது. 'படங்கள் அழகாக உள்ளன. இவற்றால் புதிதாகத் தெரியவருவது என்ன?' என்று எவனோ முகம் தெரியாத புண்ணியவான் எழுதியிருந்தான்.

அதற்குப் பதில் சொல்ல ஒரே வழி. எந்த மணியை மாற்றினால் மடிப்பு கெடும் என்று படத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு அந்த மணியை நிஜமாகவே மாற்றி, கெடுகிறதா என்று பார்க்க வேண்டும். நிஜமாகச் செய்கிறவள் கீழ்மாடி லேபில் இருக்கும் பவ்யா. கோலார்க்காரி; கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள். ஆனால் மடிப்பை அளக்கும் கருவி வேறொரு லேபுடையது. இவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தடவை. நிக்கோலின் ஃபெல்லோஷிப் மார்ச்சோடு முடிகிறது. ஒரு மணி, ஒரு வாய்ப்பு. தவறினால் ஆராய்ச்சியில் பாதி குப்பைக்கூடைக்கு.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "பாஸ்டர் கேக்குறாரு, பொண்ணு படிச்சி முடிச்சிட்டாளான்னு," என்றாள் அவள் அம்மா எலைன். "நானும் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அடுத்த கிறிஸ்மஸ்னு சொல்லிகினே கீறேன். எனக்கே வெக்கமா கீதுடி."

நிக்கோல் முப்பத்திரண்டாவது மணியைத் தேர்ந்தெடுத்தாள். மடங்கி முடிந்த வடிவத்தில் நட்டநடுவில் இருப்பது அதுதான். அத்தனை கோடும் அதில்தான் வந்து முடிகிறது. பவ்யாவிடம் சொன்னபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"நடுத் தூணை உடைச்சா வீடு விழும். அதைச் சொல்ல உன் கம்ப்யூட்டர் பேக்கா, வேணுமா? எங்க அஜ்ஜியே சொல்லுவாங்களே."

"நிச்சயமா கெடும்ல? அது போதும்" என்றாள் நிக்கோல். போதாது என்று அவளுக்கும் தெரியும். பயந்தவளுக்கு நிச்சயம் போதும், அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை இன்பராஜ் வரவில்லை. குடியாத்தத்தில் மச்சினன் வீட்டுக் கல்யாணம். முன்னாடியே சொல்லியிருந்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள்தானே, கிளமெண்ட் இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கிளமெண்டோ சாம்பியனில் ஏறுகிறவன். அவன் ஏறியபோது ஒரு சீட்டுகூடக் காலியில்லை. உரிகத்தில் நிக்கோல் ஏறி, வழக்கமான இடத்துக்கு இடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்தால், முன்பின் தெரியாத முகங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கோரமண்டலில் ஏறுகிறவர்கள் உள்ளேயே வர முடியவில்லை. பங்காருபேட்டை வந்ததும் வந்த கூட்டம் நிக்கோலைக் கழிப்பறை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. போனில் வாட்ஸ்அப் குழு கதறியது. எங்க கீறீங்க? நான் கார்டு பெட்டியில. நான் ஒத்தக் காலுல. கிளமெண்ட் இரண்டு பெட்டி தள்ளி, யாரோ ஒருவரின் கோழிக்கூடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அன்றைக்கு அவன் ஒரு பாட்டும் பாடவில்லை. ஒரே வண்டியில் எட்டுப் பேரும் போனார்கள், ஆனால் கூட்டம் என்று ஒன்று சேரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை இன்பராஜ் கல்யாண வீட்டு லட்டுப் பொட்டலத்தோடு வந்தார். எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"யோவ் இன்பராஜண்ணா, இனிமே உங்க சொந்தத்துல யாருக்கும் கல்யாணம் கிடையாது, சொல்லிட்டேன்" என்றான் கிளமெண்ட்.

"ஏன்டா, ஒரு நாள் நின்னா உன் காலு தேஞ்சிடுமா?"

அன்றைக்குக் கிளமெண்டின் பிறந்தநாளும்கூட. மாலூர் தாண்டியதும் கேக் வெட்டினார்கள். ஒருவன் சீட்டின் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக் குழுவில் போட்டான். நிக்கோல் அதைத் திறந்து பார்த்தாள். நடுவில் முகமெல்லாம் கிரீமோடு கிளமெண்ட். சுற்றி எல்லோரும் தோள்மேல் தோள் போட்டபடி. அவளும் இருந்தாள். இன்பராஜ் இல்லை. தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவர் எப்போதும்போல வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

இந்தப் போட்டோவை மட்டும் பார்க்கிறவன் என்ன சொல்வான்? கிளமெண்ட்தான் எல்லாம் என்பான். இன்பராஜ் என்று ஒருவர் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனால் நேற்றைக்குக் கிளமெண்ட் வண்டியில்தான் இருந்தான். இருந்து என்ன கிழித்தான்?

நிக்கோல் போட்டோவை மறுபடி பார்த்தாள். "அய்யய்யோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அவள் செய்துவைத்திருந்தது அப்படியே இந்தக் காரியம்தான்.

மடங்கும்போது மணிகள் கண்டபடி உரசும், முட்டும், விலகும். எல்லாவற்றுக்கும் கோடு போட்டால் படம் நிஜமாகவே கொசுவலையாகிவிடும். அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மடங்கி முடிந்த கடைசி வடிவத்தை எடுத்துக்கொள்வார்கள். அதில் எந்தெந்த மணிகள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவோ அந்தக் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் வடிகட்டி எறிந்துவிடுவார்கள். நிக்கோலும் முதல் வாரமே அந்த வடிகட்டியைப் போட்டாள். போட்டதையே மறந்தும் போனாள். முதலில் வந்து, மற்றவர்களைச் சேர்த்துவிட்டு, கடைசியில் விலகிப்போகும் கோடு ஒன்று இருந்தால்? அதை அவளே தினம்தினம் தன் கையால் தூக்கி எறிந்துகொண்டிருந்தாள்.

லேபுக்குப் போனதும் பையைக்கூடக் கழற்றாமல் வடிகட்டியை எடுத்தாள். படம் கறுகறுவென்று கோடுகளால் நிறைந்தது. பொறுமையாகத் தேடினாள். ஒருமுறை உரசியதை எல்லாம் விட்டுவிட்டு, எத்தனை தடவை ஓட்டினாலும் மடிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் தவறாமல் வருகிற கோடு எது என்று மட்டும் பார்த்தாள். புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடியே, கண்டுபிடித்தாள். ஒன்பதாவது மணி. அது மாலையின் மறுகோடியில் இருக்கும் ஒரு மணியைப் போய்த் தொடுகிறது. தொட்டதும் இரண்டு முனையும் கிட்டே வருகின்றன, நடுவில் இருப்பவை ஒவ்வொன்றாகச் சேர்கின்றன, முப்பத்திரண்டு வந்து உட்காருகிறது. பிறகு ஒன்பது பிடியை விட்டுவிட்டு வெளிப்பக்கம் போய்விடுகிறது. கடைசி வடிவத்தில் அது ஓரத்தில், தண்ணீரில், யாரையும் தொடாமல் நிற்கிறது. மடங்காமல் தோற்றுப்போன ஓட்டங்களையும் எடுத்துப் பார்த்தாள். அவற்றில் அந்தக் கோடு இல்லவே இல்லை.

கீழ்மாடிக்கு ஓடினாள். "பவ்யா, மாத்தின ஜீனுக்கு ஆர்டர் போட்டுட்டியா?"

"இப்போதான் போடப் போறேன். ஏன்?"

"முப்பத்திரண்டு வேண்டாம். ஒன்பது."

பவ்யா திரையில் கடைசி வடிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒன்பதா? ஏனே இது? அது வெளியே சும்மா நிக்குது. அதை மாத்தினா ஒண்ணும் ஆகாது."

"ஆகும்."

"ஆகலேன்னா?"

நிக்கோல் பவ்யாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். இருவருமாக லதா மேடத்திடம் போனார்கள். நிக்கோலின் கைடு அவர். கோயம்புத்தூர்க்காரர், பேச்சு இனிப்பாக இருக்கும், பேசுகிற விஷயம் இனிக்காது. படத்தை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"நிக்கோல், நான் சொல்றத நல்லாக் கேளுங்க கண்ணு. முப்பத்திரண்டை மாத்தினா கண்டிப்பாக் கெடும். பெரிய விஷயமில்லைன்னாலும் ஒரு ரிசல்ட்டுன்னு இருக்கும், தீசிஸ் முடிஞ்சிரும். ஒன்பதை மாத்தி ஒண்ணும் ஆகலீன்னா, அந்த அத்தியாயத்தையே எடுத்துர வேண்டியதுதான். அப்புறம் என் ரூம்ல வந்து அழுகக் கூடாது."

"முப்பத்திரண்டை யார் வேணும்னாலும் சொல்லலாம் மேடம். ஒன்பதை இந்தப் படம் இல்லாம யாராலயும் சொல்ல முடியாது." படத்தை மூன்றாவது முறை ஓடவிட்டாள். "படம் அழகா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போறாங்களே, அது எனக்கு வலிக்குது மேடம்."

லதா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க தலையெழுத்து. ஒன்பதே போடுங்க பவ்யா" என்றார்.

அதன்பின் வந்த வாரங்களை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. சொன்னபோது இருந்த தைரியம் அன்றைக்குச் சாயங்காலமே ஓடிப்போய்விட்டது. கையில் இருந்த களாக்காயை விட்டுவிட்டுக் கிளையில் இருக்கும் பலாக்காய்க்குத் தாவினோமோ என்று தினமும் தன்னையே கேட்டுக்கொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை. எலைன் மகளைப் பார்த்துப் பார்த்துப் பயந்துபோய், சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில் ஜெபக் குறிப்பு கொடுத்துவிட்டாள்.

"என் பொண்ணோட புரோட்டீன் நல்லபடியா மடங்கணும்னு எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணாங்கடி. நீ ஒண்ணும் கவலப்படாதே."

"அய்யோ மம்மி! அது மடங்கக் கூடாது!"

எலைன் திகைத்துப்போனாள். "மடங்கக் கூடாதா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இப்போ நான் போயி எல்லாரையும் திருப்பிப் போடச் சொல்லணும். ஆண்டவரு இன்னா நெனைப்பாரு?"

அந்த வாரங்களில் நிக்கோல் மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

அளவெடுக்கும் நாள் வந்தது. கருவி விடியற்காலையில்தான் கிடைக்கும் என்று பவ்யா முந்தின நாளே அங்கே போய்த் தங்கிவிட்டாள். நிக்கோல் வழக்கமான வண்டியில் இருந்தாள். சீட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. டேக்கல் தாண்டியபோது போன் அடித்தது.

"நிக்கோல்! ஒன்பது..." என்றாள் பவ்யா. அதோடு டவர் போய்விட்டது.

நிக்கோல் திரும்பக் கூப்பிட்டாள். போகவில்லை. மறுபடி கூப்பிட்டாள். ஒன்பது என்ன? ஒன்பது ஒன்றும் ஆகவில்லையா? போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினாள்.

"இன்னாமா, போனைத் தூக்கி எறியப் போறியா?" என்றான் கிளமெண்ட். அவள் முகத்தைப் பார்த்ததும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டான். "ஏய், சும்மா இருங்கப்பா. பொண்ணுக்கு ஏதோ ஆயிப்போச்சி."

மாலூர் வந்தது. போன் மறுபடி அடித்தது.

"கேக்குதா? மாத்தாத சாதா புரோட்டீன் எப்பவும்போல டக்குனு மடங்கிச்சு. கருவியில கோடு அப்படியே மேலே ஏறிச்சு. உன் ஒன்பதை மாத்தினது ஏறவே இல்ல கணே! படுத்தே கெடக்குது! மூணு வாட்டி ஓட்டிட்டேன், மூணு வாட்டியும் அப்படியேதான்!"

"மடங்கலையா?"

"மடங்கலை! அலைஞ்சுகிட்டே இருக்கு, சேரவே மாட்டேங்குது!"

நிக்கோல் போனை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சின்ன அழுகை இல்லை, ஒப்பாரி. வாசலிலிருந்து இன்பராஜ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார்.

"யாரு? யாரு இன்னா சொன்னது? எந்தப் பெட்டி?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"யாரும் இல்ல அங்கிள். கெட்டுப்போச்சி. நான் சொன்ன மாதிரியே கெட்டுப்போச்சி."

"கெட்டுப்போனதுக்கா இப்படிச் சிரிக்கிறே?" அவள் சிரித்துக்கொண்டும் இருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு லதா மேடத்தைக் கூப்பிட்டாள். பவ்யா ஏற்கெனவே எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பியிருந்தாள். முதலில் லைன் பிஸி, இரண்டாம் முறைதான் எடுத்தார். நிக்கோலுக்கு மறுபடி பயம் வந்தது.

"மேடம்?"

"அந்த லேபுக்காரங்ககிட்ட இப்பத்தான் பேசி முடிச்சேன் கண்ணு" என்றார் லதா மேடம். "ஒன்பதை மாத்தினது படுத்துக் கெடக்கறதைப் பாத்துட்டு அவங்களே கேக்குறாங்க, அடுத்தது எப்பன்னு. கருவி இந்த மாசம் பூரா நமக்குத்தான். ஃபெல்லோஷிப்பை நீட்டச் சொல்லி நான் எழுதிக்கிறேன். நீங்க அடுத்தது எந்த மணின்னு சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன் மேடம்."

"நாளைக்கு எதுக்கு? வண்டியில உக்காந்துதானே வர்றீங்க? இறங்கறதுக்குள்ள பாத்துச் சொல்லுங்க."

நிக்கோல் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்தாள். "கொஞ்ச நேரம் யாரும் என்கிட்ட பேசாதீங்க, எனக்கு வேலை இருக்கு" என்றாள். ஒருவரும் கேட்கவில்லை. கிளமெண்ட் அவள் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தான், இன்பராஜ் வாசலுக்குத் திரும்பாமல் அவள் தலைக்குமேல் குனிந்து நின்றார், புள்ளியும் கோடுமாகப் படம் ஓடத் தொடங்கியது.